சவாசனம் முடிந்ததும் நோட்டை எடுங்கள்

யோகப் பயிற்சி முடிந்த கையோடு பாயைச் சுருட்டிவிட்டு போனை எடுத்துவிடுகிறோம். அந்த 5 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், மனம் அடங்கியிருக்கும் நேரம் அது. கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்திலிருந்து எழுந்து உட்கார்ந்ததும் ஒரு நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள்.

எந்த ஆசனம் நன்றாக வந்தது என்பதெல்லாம் வேண்டாம். எந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள், அப்போது மனம் என்ன சொன்னது, அது போதும். விருட்சாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது உடல் ஆடும். அந்த நொடியில் ஒருவருக்கு எரிச்சல் வரும், இன்னொருவர் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வந்ததை வந்தபடியே எழுதுங்கள். (வலித்தால் உடனே ஆசனத்தைக் கலைத்துவிடுங்கள். வலியைத் தாங்குவது இதில் சேராது.)

யோகத்தின் 5 நியமங்களில், அதாவது நமக்கு நாமே கடைப்பிடிக்கும் ஒழுக்கங்களில், ஒன்று சுவாத்தியாயம். நூல்களைக் கற்பது, தன்னைத்தானே படிப்பது என்று அதற்கு இரண்டு பொருளும் சொல்வார்கள். இந்த நோட்டு இரண்டாவதற்கு.

10 நாள் கழித்து மொத்தமாகப் படித்துப் பாருங்கள். எனக்கு ‘சீக்கிரம் முடியட்டும்’ என்ற வரிதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. வீட்டில் யாராவது பேசும்போதும் அதே அவசரம்தான் எனக்குள் ஓடுகிறது என்று அன்றுதான் பிடிபட்டது. இப்போது பதில் சொல்லும் முன் ஒரு மூச்சை முழுதாக விடுகிறேன்.