குழந்தைக்கு ஞானஸ்நானம்: மண்டபத்துக்கு முன் பங்கு அலுவலகம்

கத்தோலிக்க வழிபாட்டுப் புத்தகத்தில் திருமுழுக்கு என்று இருக்கும். வீட்டில் நமக்கு அது ஞானஸ்நானம்தான். முதல் குழந்தை பிறந்ததும் யாரிடம் கேட்பது, என்ன கொண்டுபோவது என்று முழிக்கிற இளம் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் கோயில் சமூகங்களில், வழக்கமாக நடப்பதை வைத்துச் சொல்கிறேன். சின்னச் சின்ன வித்தியாசங்களை உங்கள் பங்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தேதியைச் சாமியாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்

பலரும் மண்டபமும் பிரியாணியும் பேசி முடித்த பிறகுதான் பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறார்கள். அந்த ஞாயிறு பங்குத் திருவிழாவாக இருக்கலாம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாக இருக்கலாம். தவக்காலத்தில் பல பங்குகளில் ஞானஸ்நானம் வைப்பதில்லை. மாலைப் பூசை முடிந்ததும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்கப் பெற்றோர் அக்கறை எடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. நாமோ துபாயில் இருக்கும் மாமாவுக்கு லீவு கிடைக்கட்டும் என்று ஒரு வருஷம் காத்திருக்கிறோம். விருந்துக்கு மாமா வேண்டும், சரி. அதற்காகக் குழந்தையைக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் சாமியார் வரும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் நர்ஸோ பாட்டியோ, திருச்சபையின் எண்ணத்தோடு, குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே “தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொன்னால் அது முழுமையான ஞானஸ்நானம். பிறகு பங்கில் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் கோயில் திருமணச் சான்றிதழ் நகல், பங்கின் குடும்ப அட்டை. சில பங்குகளில் அன்பியப் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பாளரின் கையெழுத்தும் கேட்பார்கள். சென்னையில் குடியிருந்துகொண்டு சொந்த ஊர்க் கோயிலில் கொடுக்க ஆசைப்பட்டால், இப்போது இருக்கும் பங்கிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

கோயில் வரி பாக்கி இருக்கிறதே என்று கூச்சப்பட்டு யாரும் ஒதுங்க வேண்டாம். வறுமையைக் காரணம் காட்டி ஒருவருக்கும் ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனம் மறுக்கப்படக் கூடாது என்பதையும் அதே சட்டம்தான் சொல்கிறது. நிலைமையைச் சாமியாரிடம் நேராகச் சொல்லுங்கள்.

3. ஞானப்பெற்றோர்

இதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும். ஒரு ஞானத்தந்தை, அல்லது ஒரு ஞானத்தாய், அல்லது இருவரும் இருக்கலாம். பொதுவாக 16 வயது நிறைந்திருக்க வேண்டும். கத்தோலிக்கராக, புதுநன்மையும் (முதல் நற்கருணை) உறுதிப்பூசுதலும் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் அருட்சாதனம்) வாங்கியவராக, விசுவாசத்துக்கேற்ப வாழ்பவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பா அம்மா ஞானப்பெற்றோராக முடியாது. வேறு பங்கைச் சேர்ந்தவர் என்றால், அவருடைய பங்குத்தந்தையிடமிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தங்கச் சங்கிலி போடுகிறவர், முறைப்படி கேட்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் சித்தப்பா என்றெல்லாம் பார்த்து ஆளை முடிவு செய்கிறோம். என் ஞானத்தாய் ஒரு கிராமத்து அத்தை. நகை எதுவும் போட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் விடியற்காலைப் பூசைக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அப்படி ஒருவரைத் தேடுங்கள்.

4. தயாரிப்பு வகுப்பு

பெற்றோரும் ஞானப்பெற்றோரும் போக வேண்டும். போன பிள்ளைக்குப் போனோமே என்று தவிர்க்காதீர்கள். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் அங்கேதான் பழக்கமாகும்.

5. அந்த நாள்

வெள்ளை உடை, மெழுகுதிரி, ஒரு சின்னத் துண்டு. போட்டுவிடும் சட்டை முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும், ஏனென்றால் முதல் எண்ணெயை நெஞ்சில் பூசுவார்கள். பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோயில் வாசலிலேயே சடங்கு தொடங்கிவிடும். குழந்தைக்கு என்ன பெயர், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள் என்று சாமியார் கேட்பார். பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில், “திருமுழுக்கு”. அப்புறம் சாமியாரும் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைவார்கள். வாசகம், மன்றாட்டு, எண்ணெய் பூசுதல் முடிந்து தீர்த்தத் தொட்டிக்குப் போவீர்கள். அங்கே சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்ற கேள்விகளுக்குப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் உரக்கப் பதில் சொல்ல வேண்டும். முணுமுணுக்காதீர்கள், அந்த விசுவாசத்தில்தான் குழந்தைக்குத் திருமுழுக்கு நடக்கிறது.

மூன்று முறை தண்ணீர் ஊற்றும்போது ஞானத்தாய் குழந்தையின் கழுத்தையும் தலையையும் தாங்கிப் பிடித்தால் காதுக்குள் தண்ணீர் போகாது. அழட்டும், பரவாயில்லை. அடுத்து உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம். ஆயர் மந்திரித்துத் தந்த அந்தத் தைலத்தின் வாசனை சாயங்காலம்வரை பிள்ளையின் தலையில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவசரமாகக் கழுவிவிடாதீர்கள். கடைசியில் வெள்ளை உடையும், பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) பற்றவைத்த மெழுகுதிரியும்.

6. பதிவேடு

போட்டோ எடுக்கும் அவசரத்தில் இதை விட்டுவிடுவோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதியிருக்கும் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று நின்று பாருங்கள். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை, கிறிஸ்தவ உணர்வுக்கு முரணான பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வைத்தால் பின்னால் அலைய வேண்டிவரும். என் பதிவில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. கல்யாண ஓலை (கோயிலில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்க நாலு நாள் இருக்கும்போதுதான் தெரிந்தது. அப்பா இரவு பஸ் பிடித்து ஊருக்கு ஓடினார்.

பிள்ளை பிற்காலத்தில் பெங்களூரில் கல்யாணம் செய்தாலும், குருவானாலும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்தாலும், இதே பதிவின் ஓரத்தில்தான் அதை எழுதுவார்கள். கல்யாணத்தின்போது பழைய சான்றிதழை ஏற்காமல், சமீபத்தில் எடுத்த பிரதியைக் கேட்பதும் இதனால்தான். பதிவு எண்ணையும் வருடத்தையும் குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.