பீப் ஒலி வந்தும் படம் வராத ஆர்கேட் மெஷின்

பிசி வைத்து ஓடும் பழைய கார் ரேஸ் ஆர்கேட் மெஷின். ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், பட்டன் விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பு. முதலில் மானிட்டரைச் சந்தேகித்தேன். லேப்டாப்பை இணைத்ததும் அதில் படம் வந்தது. கேபிளை மாற்றினேன், ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். கிராபிக்ஸ் கார்டு வேறு கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடியது. பல நாள் இதிலேயே போனது.

மெஷின் இருக்கும் ஹாலின் இரைச்சலில் ஒன்று கேட்காமலே இருந்திருக்கிறது. இரவில் பின்கதவைத் திறந்து ஆன் செய்தபோது, உள்ளே சின்னதாக ஒரே ஒரு பீப். அப்படியென்றால் மதர்போர்டு (கம்ப்யூட்டரின் முதன்மைப் பலகை) தன் தொடக்கச் சோதனையை முடித்துவிட்டது, படத்தை வேறு எங்கோ அனுப்புகிறது! மதர்போர்டின் சொந்த விஜிஏ துளையில் பிளாஸ்டிக் மூடி இருந்தது. அதை எடுத்து மானிட்டரைச் செருகினேன். 'சிமாஸ் செக்சம் எரர், எஃப்1 அழுத்தவும்' என்று வந்தது, அதாவது சேமித்து வைத்த அமைப்புகள் கெட்டுவிட்டன. கீபோர்டே இல்லாத மெஷின் எஃப்1-க்காகக் காத்து நின்றிருக்கிறது.

அந்த அமைப்புகளைக் காக்கும், 3 வோல்ட் இருக்க வேண்டிய சிஆர்2032 பேட்டரியில் 2.3 தான். தினமும் மெயினை அணைப்பதால் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, கிராபிக்ஸ் கார்டை விட்டு மதர்போர்டின் சொந்த கிராபிக்ஸுக்கு மாறியிருக்கிறது.

புது பேட்டரி போட்டு, முதல் டிஸ்ப்ளேயை பிசிஐ எக்ஸ்பிரஸ் (கிராபிக்ஸ் கார்டு செருகிய இடம்) ஆக்கினேன். பிழை வந்தாலும் நின்றுவிடாதபடி 'ஹால்ட் ஆன்' அமைப்பில் 'நோ எரர்ஸ்' வைத்தேன். அப்புறம் பிழை காட்டும் நீலத்திரை வந்தது. சாட்டா மோடும் (ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை) மாறியிருந்தது, அதை ஐடிஇ-க்குத் திருப்பியதும் விளையாட்டு தொடங்கியது. அப்பாடா! இப்போது எல்லா பயாஸ் பக்கங்களையும் போட்டோ எடுத்து கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.