கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் சிலிண்டர் பவர்: பிளேடா, லேசரா?

கண்புரை எடுத்தாயிற்று, வெளிச்சமும் நிறமும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தூரத்தில் வரும் எம்.டி.சி. பஸ்ஸின் நம்பர் மட்டும் நிழல் தட்டுகிறது என்றால், மிச்சம் இருப்பது பெரும்பாலும் சிலிண்டர் பவர், அதாவது கருவிழி (கார்னியா) ஒரு திசையில் மட்டும் அதிகம் வளைந்திருப்பது போன்ற காரணத்தால் வரும் பவர். பவரின் அலகான டயாப்டரில் அது 0.75-க்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் இருந்தாலும் கண்ணாடியே போதும். கண்ணாடி வேண்டாம் என்பவர்களுக்கே இனி வருவது.

அவசரப்படாதீர்கள். கண்புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து எடுக்கும் பேக்கோ முறையின் 2.2 – 2.8 மி.மீ. காயம்கூட ஆறிப் பவர் நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். கையாலேயே கண்புரையை எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். முறை என்றால் வெட்டு பெரிது, இன்னும் காத்திருக்க வேண்டும். ஒரே விதிவிலக்கு, உள்ளே வைத்தது சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தும் டோரிக் லென்ஸாக இருந்து அது திரும்பியிருந்தால். 10 டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 30 டிகிரியில் பலன் பூஜ்யம். லென்ஸைத் தாங்கும் பை இறுகி ஒட்டுவதற்குள், முதல் சில வாரங்களிலேயே மறுபடி திருப்பி வைப்பது எளிது. கருவிழியில் கை வைக்கவே தேவையில்லை. அதனால்தான், லென்ஸ் சரியாக நிற்கிறதா என்று தெரியாமல் பிறகு மங்கும் பையைத் திறக்கும் யாக் லேசருக்குச் சம்மதிக்கக் கூடாது. பையின் பின்சுவர் திறந்த பிறகு லென்ஸைத் தொடுவது சிக்கல்.

அடுத்தது அளவு. கண்புரைக்கு முந்தைய கண்ணாடிச் சீட்டு இப்போது பயன்படாது. அதிலிருந்த சிலிண்டரில் ஒரு பகுதி, எடுத்துப்போட்ட பழைய லென்ஸுடையது. புதிதாகக் கண்ணாடிப் பவரை அளக்கும் ரிஃப்ராக்‌ஷனும் கருவிழியின் வளைவைப் படமாக்கும் டாப்போகிராபியும் எடுக்க வேண்டும். டோரிக் அல்லாத லென்ஸில் இரண்டிலும் சிலிண்டரின் ஆக்சிஸ், அதாவது அது நிற்கும் திசை, ஒத்துவரவில்லை என்றால் லென்ஸ் சாய்ந்திருக்கலாம், அல்லது கண் வறண்டிருக்கலாம். நாள் முழுக்க ஏ.சி. அறையில் இருப்பவர்களுக்கு வறட்சி சகஜம். சொட்டு மருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இப்போது வெட்டு. பிளேடோ லேசரோ, தத்துவம் ஒன்றுதான்: அதிகம் வளைந்த திசையில் வில் போல் ஒரு கீறல் போட்டால் அந்தத் திசை தளர்ந்து தட்டையாகும். கையால் செய்யும்போது, ஆழம் 600 மைக்ரான் அளவில் நிறுத்தப்பட்ட வைரக் கத்தி கருவிழியின் ஓரத்தில் ஓடும். செலவு குறைவு, சில நிமிட வேலை. சர்ஜனின் கை அழுத்தத்தைப் பொறுத்து ஆழம் கூடும், குறையும். ஆழம் குறைந்தால் பலன் இல்லை. கூடினால் ஓட்டை விழும்.

மிகக் குறுகிய துடிப்புகளால் வெட்டும் ஃபெம்டோ லேசர், கருவிழியின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓ.சி.டி. படம் பார்த்து அந்த இடத்தின் தடிமனில் சுமார் 80 – 85 சதவீதம் வரை, 8 – 9 மி.மீ. வட்டத்தில் வெட்டும். நீளமும் ஆழமும் சீராக வரும். போட்ட கீறலை முழுதும் திறக்காமல் விட்டு, பவர் பார்த்துப் பிறகு திறக்கும் வசதியும் உண்டு. ஆனால் கண்ணை அசையாமல் பிடிக்கும் உறிஞ்சு வளையத்தின் பிடி நழுவினால் பாதியில் நிற்கும், கருவிழித் தழும்பில் கதிர் சரியாக வெட்டாது, கண் குழிந்தவர்களுக்குக் கருவியே பொருந்தாது.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஆக்சிஸ். படுத்ததும் கண் சில டிகிரி சுழலும். உட்கார்ந்த நிலையிலேயே மையால் குறி போடாவிட்டால் லேசரும் தப்பான இடத்தில்தான் துல்லியமாக வெட்டும். 15 டிகிரி தவறினால் பாதிப் பலன் காலி. எங்கள் கணிப்பில், 1.5 டயாப்டர் வரையிலான சிலிண்டருக்கு, நன்றாக அளந்து குறிவைத்த பிளேடு, அவசர லேசரைவிட மேல்.

சிலிண்டரோடு மைனஸோ பிளஸ்ஸோ சேர்ந்து மிச்சமிருந்தால் கீறல் போதாது. கருவிழியைச் செதுக்கும் எக்ஸைமர் லேசரால், மேலே ஒரு மடலைத் திறந்து செய்யும் லாசிக்கோ, மடல் இல்லாமல் மேல்தோலை நீக்கிச் செய்யும் பி.ஆர்.கே.யோ செய்வார்கள், பொதுவாக மூன்று மாதம் கழித்து. வறட்சி இருந்தால் பி.ஆர்.கே. பக்கம் சாய்வது நல்லது. கெரட்டோகோனஸ் (கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோய்), மெலிந்த கருவிழி, முடக்குவாதம் இருப்பவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையோ நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவோ, இரண்டாவது கருத்துக்கு எங்கே போனாலும் லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய கார்டு, டாப்போகிராபி பிரின்ட், டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் எடுத்துப் போங்கள். இன்சூரன்ஸை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், 7.5 டயாப்டருக்குக் குறைந்த பார்வைக் குறைபாட்டுத் திருத்தத்தைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவைத்திருக்கின்றன.

கீறலுக்குப் பின் கண்ணைக் கசக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை தலைக்கு ஊற்றக் கூடாது. வலி கூடி, பார்வை மங்கி, சிவப்பு ஏறினால் அன்றைக்கே காட்டுங்கள். வெட்டில் கிருமி பிடித்திருக்கலாம்.