செட்டிநாட்டு வீட்டில் ஒரு காலி அறையைப் படம் எடுக்க

கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் கிழக்கே ஜன்னல் உள்ள அறையாகப் பாருங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிட்டு, வெயில் சாய்வாக இருக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். உச்சிவேளைக்கு ஜன்னல் வெயில் போய்விடும்.

முதலில் விளக்கை அணையுங்கள். ஒரு ஜன்னல் போதும், மற்றதைச் சாத்துங்கள். அப்புறம் கேமராவை டிரைபாடில் (முக்காலியில்) வையுங்கள்; ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8, படம் ரா ஃபைலாக, அதாவது கேமரா சுருக்காத மூலக் கோப்பாக. வெயில் விழுந்த இடத்தை வைத்து ஒளியை அளவெடுங்கள். மூலைகள் கறுத்துப் போகும், போகட்டும். இருட்டை வெளிச்சமாக்கிவிட்டால் அறை விற்பனை விளம்பரம் மாதிரி ஆகிவிடும், தனிமை மிஞ்சாது.

தரையில்தான் விஷயமே இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லை, அதாவது இந்தத் தரை ஓட்டை, கண்ணாடி மேல் வார்க்கிறார்கள், அதனால் வந்த பளபளப்பு அது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்: ஜன்னல் கம்பிகள் தரையில் பிம்பமாக நீளும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) மாட்ட வேண்டாம், அந்த மினுக்கத்தை அது தின்றுவிடும்.

நாற்காலி எதையும் கொண்டுவந்து போடாதீர்கள். சுவரைப் பாருங்கள். படம் மாட்டியிருந்த இடத்தில் ஓர் ஆணி, அதன் கீழே நிறம் மங்காத ஒரு சதுரம் இருக்கும். ஒருவர் இங்கே வாழ்ந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. அதை நடுவில் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள்.

வொயிட் பேலன்ஸை, அதாவது ஒளியின் நிறத்துக்கான அமைப்பை, 'பகல்' என்று பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் காலை வெயிலின் மஞ்சள் வெளுத்துவிடும்.