அறுபதுக்கு மேல் ஞாபகம்: ஒரு பழைய தபால்காரன் சொல்லும் வழிகள்

நான் கடலூரில் தபால்காரனாக இருந்து ரிட்டையர் ஆனவன். வயது 69. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்து பீட், அதாவது தினமும் கடிதம் கொடுக்கச் சுற்றும் தெருக்கள், வெகுகாலம் என் கையில் இருந்தது. எந்த வீட்டுக்கு எப்போது மணியார்டர் வரும், ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ள இரண்டு பெரியவர்களில் பென்ஷன் கவர் யாருக்கு, எந்தத் திண்ணைக்குக் கீழே நாய் படுத்திருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அந்த நம்பிக்கையில்தான் பென்ஷனர் நண்பர்கள் "மறதி ஜாஸ்தியாயிடுச்சு, என்ன செய்யலாம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வல்லாரை பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் கேட்பது அதைத்தான். வல்லாரைத் துவையல் சுடுசோற்றுக்கு நன்றாக இருக்கும், சாப்பிடுங்கள். அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

எது போகும், எது போகாது

வயதானால் ஞாபகம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சொற்கள், பொது அறிவு, தொழில் விவரம் இவையெல்லாம் எழுபது வரைக்கும்கூடப் பெரிதாகக் குறையாது. கைப்பழக்கம் அதைவிடக் கெட்டி. ஆபீசில் கடிதம் பிரிக்கச் சின்னச் சின்ன அறைகள் வைத்த மரப்பெட்டி இருக்கும், சார்ட்டிங் கேஸ் என்போம். 607106 என்று கண்ணில் பட்டதும், பண்ருட்டி என்று மனம் சொல்வதற்கு முன்பே கை அந்த அறைக்குப் போய்விடும். இன்றைக்கு அங்கே நிறுத்தினாலும் என் கை போகும்.

குறைவது வேறு வகை. நேற்று சாயங்காலம் யார் என்ன சொன்னார்கள், மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம், புதிதாகக் குடிவந்தவர் பேர் என்ன, வியாழக்கிழமை என்ன செய்வதாக ஒப்புக்கொண்டோம், இவைதான். நடந்ததை இடம், நேரம், ஆள் என்று சேர்த்துக் கட்டி வைப்பதில் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. வயதோடு அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது. மூளையின் வேகமும் குறைகிறது, ஒரே நேரத்தில் இரண்டு காரியத்தில் கவனம் வைப்பது கஷ்டமாகிறது. டிவி ஓடும்போது மருமகள் சொன்னது மறந்துபோனால் அதை மறதி என்று சொல்லவே கூடாது. அது உள்ளேயே போகவில்லை.

உள்ளே போனதும் கேட்டவுடன் வருவதில்லை. "அவர் பேர் ராமலிங்கமா, ராஜமாணிக்கமா?" என்று யாராவது கேட்டால் டக்கென்று சரியானதைச் சொல்லிவிடுகிறோம். ஒன்றுமே சொல்லாமல் "பேர் என்ன?" என்றால் திணறுகிறோம். கடிதம் பத்திரமாக இருக்கிறது, மேலே விலாசம் மங்கிவிட்டது. அதனால் உள்ளே போகும்போது விலாசத்தை அழுத்தி எழுத வேண்டும், வெளியே எடுக்கும்போது துப்பு கொடுக்க வேண்டும். கீழே சொல்கிற வழிகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

என்கூட வேலை பார்த்தவருடைய மாமனார் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார், வயது 86. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது பள்ளிக்கூடத்துப் பையன். இன்றைக்கும் வாய்ப்பாட்டைப் பிரெஞ்சில் ஒப்பிப்பார். மதியம் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டால் மகள் முகத்தைப் பார்ப்பார். "பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, இது மட்டும் இல்லையாம், நடிக்கிறார்" என்று வீட்டில் ஒருவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. நடிப்பு ஒன்றும் இல்லை. சுமார் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவை எல்லா மனிதருக்குமே கூடுதலாக நினைவில் நிற்கும். வாய்ப்பாடோ திரும்பத் திரும்பச் சொல்லி ஊறினது. மாத்திரை அப்படியில்லை. நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒரே நிறம், ஒரே டம்ளர், ஒரே நாற்காலி. இரண்டையும் பிரித்துச் சொல்வது இளவட்டங்களுக்கே சிரமம்.

பெயர் வழுக்கினால்

முதலில் வழுக்குவது பெயர்தான். "தையல்காரர்" என்றால் மிஷின், அளவு நாடா, கத்தரிக்கோல் என்று பின்னாலேயே பத்துப் பொருள் வரும். பெயரோடு எதுவும் வருவதில்லை, அதற்கு நாமேதான் ஒட்டுப்போட வேண்டும். அறிமுகமானவுடன் பெயரை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்: "அப்படிங்களா செல்வராஜ் சார், எந்த ஊர்?" அதே பெயரில் ஏற்கெனவே தெரிந்த ஒருவரை நினைத்து, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். அப்புறம் தெருமுனை திரும்பும்போது ஒருமுறை பெயரை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை, மறுநாள் காபி நேரத்தில் ஒருமுறை. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதித்து 1885-ல் எழுதினார்: மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாக நடக்கும், அப்புறம் மெதுவாகும். அதனால் ஆரம்பத்தில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் எடுத்துப் பார்த்தால் தங்கும். சீட்டைப் பார்த்துப் பத்து முறை படிப்பதைவிட, பார்க்காமல் இரண்டு முறை எடுக்க முயல்வது மேல்.

நாக்கு நுனியில் நின்று வராவிட்டால், அவரைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்கு மனதால் போங்கள். க, ச, த, ந, ப, ம என்று முதல் எழுத்தை ஓட்டிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டினால் வேறொரு பெயர் வந்து வழியில் உட்கார்ந்துகொள்ளும். குளிக்கும்போது தானாக வரும், அப்போது சத்தமாக ஒருமுறை சொல்லி வையுங்கள்.

தெருவில் வைத்து எடுப்பது

இது என் தொழில் தந்தது, எனக்குப் பிடித்ததும் இதுதான். பீட்டில் நான் போகும் ஒழுங்கு மாறாது. தேரடி, வெற்றிலைக் கடை, சிவப்புச் சிமெண்டுத் திண்ணை வீடு, தையல் கடை, கைப்பம்பு, மாவு மில். வாங்க வேண்டியது, கட்ட வேண்டியது எல்லாவற்றையும் இந்த வரிசையில் ஒவ்வொன்றாக வைத்துவிடுவேன். சும்மா வைத்தால் நிற்காது, கோமாளித்தனமாக வைக்க வேண்டும். தேரடியில் உளுந்து மூட்டை பிரிந்து கொட்டி, தேர்ச்சக்கரம் வழுக்குகிறது. வெற்றிலைக் கடைக்காரர் சுண்ணாம்புக்குப் பதில் காபித்தூளைத் தடவி மடிக்கிறார். திண்ணையில் கரண்ட் பில்லைப் பாயாக விரித்து ஓர் ஆயா படுத்திருக்கிறார். தையல் கடையில் பிரஷர் மாத்திரையைப் பொத்தானாக வைத்துத் தைக்கிறார்கள். கைப்பம்பை அடித்தால் நல்லெண்ணெய் கொட்டுகிறது. மாவு மில்லில் பேரனின் ஜியாமெட்ரி பாக்ஸ் அரைபட்டுக் கடமுட என்று சத்தம் போடுகிறது. கடைவீதியில் நின்று மனதுக்குள் அதே தெருவில் சைக்கிளை உருட்டினால் ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருக்கும்.

கிரேக்கர் காலத்திலிருந்து இருக்கிற முறை இது. பெர்லினில் பால் பால்டஸ் என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் 1980-களின் கடைசியில் முதியவர்களுக்கு அந்த நகரத்து இடங்களையே வரிசையாகக் கொடுத்து இதைப் பழக்கிப் பார்த்தார்கள். முதியவர்களுக்கு நன்றாகவே பலித்தது. அதே பயிற்சி பெற்ற இளைஞர்களைப் பிடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. நமக்கு அவர்களோடு என்ன போட்டி? உளுந்து மறக்காமல் இருந்தால் சரி.

உங்களுக்கு பீட் வேண்டாம், கண்ணை மூடினால் வரிசையாக வருகிற எதுவும் போதும். என் மனைவி புதுச்சேரி பஸ் ரூட்டில் வைக்கிறாள்: ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். அரியாங்குப்பம் தாண்டினால் சீட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பாள். அதுவும் நியாயம். எழுதிவைப்பதைச் சிலர் தோல்வியாக நினைக்கிறார்கள். நான் சர்வீசில் இருந்தபோதும் ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்காமல் இருந்ததில்லை.

செய்ய வேண்டியதை மறந்தால்

"சாயங்காலம் போன் பண்ணணும்" என்று நினைத்தால் மறக்கும். "விளக்கேற்றி முடித்ததும் போன் பண்ணுவேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் விளக்கே ஞாபகப்படுத்தும். மாத்திரைக்கு ஏழு நாள் பெயர் போட்ட டப்பா வாங்குங்கள். போட்டேனா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் அறை காலியா என்பதில் இருக்கிறது. சாவி, கண்ணாடி, போன் மூன்றுக்கும் வீட்டில் ஒரே இடம். அடுப்பில் பால் வைத்தால் நகராமல் நில்லுங்கள், அல்லது கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்று விழிப்பது எல்லா வயதுக்காரருக்கும் நடப்பதுதான், அமெரிக்காவில் இதைத் தனியாக ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். கையில் இருக்கும் கரண்டி காரணத்தைச் சொல்லிவிடும்.

பிள்ளைகள் கவனத்துக்கு

"ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை ஹாலில் நிறுத்துகிற கேள்வி. "போன பொங்கலுக்கு வந்தாரே, பலாப்பழம் கொண்டுவந்த பண்ருட்டிக்காரர், அவர் போன் பண்ணினார்" என்று துப்போடு ஆரம்பியுங்கள். பாதியில் பெயர் தானாக வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய கதையில் தேதி தவறினால் திருத்தவும் வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கே இருந்தோம் என்று எங்கள் ஊரில் கேட்டால் சின்னவர் பெரியவர் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் டீக்கடைப் பேச்சில் ஒரே மரம் ஆளுக்கொரு பக்கமாக மூன்று பக்கம் விழும். பயந்த நேரத்து நினைவு அழுத்தமாகப் பதியும், அதனாலேயே விவரமெல்லாம் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இது நாற்பது வயது மகனுக்கும் பொருந்தும்.

வயதின் மேல் பழிபோடும் முன்

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பி12 குறைந்தால் மறதி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரை என்று வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் இது குறைய வாய்ப்பு அதிகம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, தூக்கம் கெடுவது, குடி எல்லாம் ஞாபகத்தைக் கெடுக்கும். சளிக்கு வாங்குகிற குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தருகிற அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதை அடக்கும் சில மாத்திரைகள் வயதானவர்களின் தலையை மந்தமாக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் "இதில் எதனாலாவது மறதி வருமா?" என்று நேராகக் கேளுங்கள்.

காது இன்னொன்று. சரியாகக் கேட்காத பேச்சு நினைவில் எப்படி நிற்கும்? 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா என்கிற மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்கு மாற்றக்கூடிய 14 காரணங்கள் பின்னணியில் இருக்கின்றன என்கிறது. காது கேளாமை, பார்வைக் குறைவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, நடமாட்டம் இல்லாமை எல்லாம் அதில் உண்டு. கண்ணாடி போட வெட்கப்படாதவர் காது மெஷினுக்கு ஏன் வெட்கப்படுகிறார் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

நடையும் முக்கியம். 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களைச் சேர்த்தார்கள். வாரம் 3 நாள், 40 நிமிடம் என்று ஒரு வருஷம் நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. பின்னால் வந்த எல்லா ஆய்வும் இதே அளவு காட்டவில்லை, ஆனாலும் நடையால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு சில்வர் பீச் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்குச் சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிடும் கடற்கரைச் சாலையே இருக்கிறது. தனியாகப் போகாமல் பேச்சுத் துணையோடு போங்கள்.

எப்போது டாக்டரிடம்

பெயர் மறந்து அப்புறம் ஞாபகம் வருவது வயசு. அரைமணி நேரத்தில் ஒரே கேள்வியை நாலு முறை கேட்பது, பழகிய மஞ்சக்குப்பம் தெருவிலேயே வழி தவறுவது, வாழ்நாளெல்லாம் போட்ட கணக்கைப் போட முடியாமல் திணறுவது, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வீட்டில் எல்லாரும் கவலைப்படுவது, இதெல்லாம் வேறு. தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால், ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தத்தில் உப்பு இறங்கியிருக்கலாம், சர்க்கரை குறைந்திருக்கலாம், சிறுநீரில் தொற்று இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். முதல் மூன்றும் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

ஜிப்மரோ சிதம்பரமோ உள்ளூரோ, எங்கே போனாலும் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் சும்மா வாங்கினதையும் சேர்த்து. கூடவே இருக்கிறவர் யாரோ அவர் போக வேண்டும். பெங்களூரிலிருந்து அன்றைக்குக் காலையில் வந்த மகன் போதாது. என்றைக்கு, எங்கே, என்ன மறந்தார் என்று இரண்டு மூன்று சம்பவத்தைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தேதி கேட்பார்கள், சில சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள். முந்தின நாள் ராத்திரி உட்காரவைத்து "நாளைக்கு என்ன கிழமை, பிரதமர் யார்?" என்று பாடம் நடத்தி அனுப்பாதீர்கள். டாக்டர் பார்க்க வேண்டியது அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதைத்தான்.