யாப்புக் குழுவுக்கு எழுதப் போகும் பெண்களுக்கு: நாங்கள் விட்ட பிழைகள்

போன மாதம் வவுனியாவில் ஒரு பட்டறை. புதிய அரசியலமைப்பில் பெண்கள் தரப்பிலிருந்து என்ன கேட்பது என்று இளம் பிள்ளைகள் நாலு குழுவாக உட்கார்ந்து எழுதினார்கள். நாலு முன்மொழிவிலும் முதல் வசனம் ஒன்றுதான்: "பெண்களுக்குச் சம உரிமை உறுதிப்படுத்தப்பட வேண்டும்." 2016இல் அரசியல் யாப்புக்கான கருத்துக் கேட்புக்கு எங்கள் சங்கம் மாவட்டச் செயலகத்துக்குக் கொண்டுபோன தாளும் இந்த வசனத்தோடுதான் தொடங்கியது. வாசித்துக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

2015இல் தொடங்கி நின்றுபோன யாப்பு வேலையை முடிப்போம் என்று சொல்லித்தான் இன்றைய அரசாங்கமும் 2024இல் வாக்குக் கேட்டது. கருத்துக் கேட்க எந்த நாளும் ஒரு குழு வரலாம். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நேரத்துக்குப் போங்கள், தெளிவாகப் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை நான் எழுதப் போவதில்லை.

சமத்துவத்தைக் கேட்டுவிட்டு 16ஆம் உறுப்புரையை மறப்பது

சம உரிமை நம் யாப்பில் ஏற்கெனவே இருக்கிறது. 1978 யாப்பின் 12(2)ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் எதை வைத்தும் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அதில் இருக்கிறது. பெண்களின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று 12(4) சொல்கிறது. ஆகவே "சம உரிமை தாருங்கள்" என்று மட்டும் கேட்டால், "அதுதான் இருக்கிறதே" என்று ஒரு வார்த்தையில் அனுப்பிவிடுவார்கள்.

இருந்தும் ஏன் கிடைப்பதில்லை? அதே அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை வாசித்தால் 16(1) வரும். யாப்பு வந்தபோது நடைமுறையில் இருந்த எழுதிய சட்டமும் எழுதாச் சட்டமும், இந்த அத்தியாயத்தோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அது. 1972 யாப்பிலும் இதே ஏற்பாடு 18(3) என்ற இலக்கத்தில் இருந்தது. ஒரு பக்கத்தில் உரிமையைக் கொடுத்துவிட்டு, அடுத்த பக்கத்தில் பழைய சட்டங்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது 2016 கருத்துக் கேட்பு நடந்த மண்டபத்தில். எங்கள் தாள் ஆறு பக்கம். மூன்று இரவு விழித்திருந்து எழுதியது. நான் வாசித்தேன், நல்லபடியாக வாசித்துவிட்டோம் என்ற நிறைவோடு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் செட்டிகுளம் பக்கத்து முஸ்லிம் ராத்தா ஒருவர் எழுந்தார். கையில் பள்ளிக் கொப்பியில் கிழித்த அரைத் தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 16ஐ எடுத்துவிடுங்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் பெண் காதியாக, அதாவது முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் நீதிபதியாக, வர முடியாது, மணமகளின் ஒப்பம் இல்லாமலே திருமணம் பதியலாம், பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக்கூடக் காதியின் அனுமதியோடு திருமணம் செய்து வைக்கலாம். 16 இருக்கும்வரை இதை எதிர்த்து 12ஐக் காட்டி வழக்குப் போட முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நான் என்னுடைய ஆறு பக்கத்தையும் திரும்பப் புரட்டினேன். 16 என்ற இலக்கம் ஓர் இடத்திலும் இல்லை.

அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்த ஆறு பக்கத்தில் நாங்கள் எழுதியிருந்த துயரங்களில் பாதிக்கு மேல் 16க்குள் அடங்கும்.

அதில் ஒன்று கிளிநொச்சி அக்கா ஒருவருடையது. கோழி வளர்த்து, தையல் தைத்து, சீட்டுப் பிடித்துத் தன் பெயரில் இரண்டு பரப்புக் காணி வாங்கியவர். கணவர் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மகளின் படிப்புக்காகக் காணியை ஈடு வைக்கப் போனால், நொத்தாரிசு கணவரின் ஒப்பம் வேண்டும் என்கிறார். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பணத்தில் வாங்கிய காணியையும் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படி. கணவன் தன்னுடைய சொந்தக் காணியை விற்க மனைவியின் ஒப்பம் தேவையில்லை. "மரணச் சான்றிதழ் எடுத்தால் பிரச்சினை இல்லையே" என்றார்களாம். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ, தங்கச்சி?" மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் தன் காணிக்குத் தான் ஒப்பம் வைக்க ஏன் ஒரு பெண் சட்டத்தரணிக்குக் காசு கட்டித் தவணைக்குத் தவணை அலைய வேண்டும்?

இந்தக் கதையை நாங்கள் உருக்கமாக எழுதியிருந்தோம். கடைசியில் "எனவே காணியில் பெண்களுக்குச் சம உரிமை வேண்டும்" என்று முடித்தோம். அந்தக் கட்டளைச் சட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது 16 என்று ஒரு வரி எழுதவில்லை. கதையைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் எப்படி எழுதுவது? "16 நீக்கப்பட வேண்டும்" என்பது தொடக்கம். அதோடு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான எந்தச் சட்டமும், பழையதோ புதியதோ, எழுதியதோ வழக்கமோ, முரண்படும் அளவுக்குச் செல்லாது என்று நேரான வாசகத்தில் கேளுங்கள். புதியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், யாப்பில் 80(3)ஆம் உறுப்புரை இருக்கிறது. சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போனால்தான் உண்டு. ஊரில் இருக்கும் ஒரு சங்கத்துக்கு வர்த்தமானி கைக்கு வந்து சேரவே அந்த நாட்கள் போய்விடும். 16ஐ மட்டும் எடுத்து 80(3)ஐ விட்டுவைத்தால், அதே பழைய ஏற்பாட்டைப் புதுச் சட்டமாக நிறைவேற்றிக்கொள்ளலாம்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்குத் தென்னாபிரிக்காவைக் காட்டுங்கள். 1993 பேச்சுவார்த்தையில் வழக்காற்றுச் சட்டத்தைச் சமத்துவப் பிரிவிலிருந்து விலக்க வேண்டும் என்று பாரம்பரியத் தலைவர்கள் நின்றார்கள். பெண்கள் அமைப்புகள், குறிப்பாகக் கிராமப்புறப் பெண்கள், விடவில்லை. வழக்காறு அங்கே யாப்பில் இருக்கிறது. உரிமைகளுக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது.

"அது முஸ்லிம் பெண்களின் பிரச்சினை" என்று ஒதுக்குவது

பட்டறையில் ஒரு தங்கச்சி இதையே சொன்னார். "அக்கா, 16ஐத் தொட்டால் முஸ்லிம் சமூகத்துக்கு எதிராகப் போகிற மாதிரி இருக்கும்." நியாயமான பயம். முஸ்லிம்கள் மீது வெறுப்பை விதைப்பவர்களும் அந்தச் சட்டத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஆனால் அதற்காக நாம் வாயை மூடினால், தங்கள் சமூகத்துக்குள் நின்று போராடும் முஸ்லிம் பெண்கள் தனித்துப்போகிறார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் போட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதுவும் இரண்டாகப் பிரிந்து.

ஆகவே நம் வீட்டுச் சட்டத்தை முதலில் வையுங்கள். தேசவழமையை வையுங்கள். அப்புறம், வீதியில் நிற்கும் பெண்ணைப் பிடிக்க உதவும் 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வையுங்கள். தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையை வையுங்கள். இவை எல்லாம் அதே 16இன் கீழ்தான் நிற்கின்றன. சிங்களப் பெண்கள் கண்டிச் சிங்களவரின் தனியார் சட்டமான கண்டியச் சட்டத்தைக் கொண்டுவரட்டும். எல்லோரும் ஒரே மேசையில் வைத்தால் யாரும் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக ஆகாது.

ஒரு சொல்தானே என்று விடுவது

2012இல் துனிசியாவில் வந்த யாப்பு வரைவு, பெண் குடும்பத்தில் ஆணுக்குச் சமம் என்று சொல்லாமல், ஆணை நிறைவு செய்பவள் என்ற பொருளில் ஒரு சொல்லைப் போட்டது. ஓகஸ்ட் 13 அன்று பெண்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். 2014 யாப்பில் அந்தச் சொல் இல்லை. வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள்.

உரிமை மீறலை அரசாங்கத்தோடு நிறுத்துவது

அடிப்படை உரிமை மீறலுக்கு யாப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் வழக்குப் போட முடிவது நிறைவேற்று, நிர்வாகத் துறையின் செயலுக்கு எதிராக மட்டும். அதுவும் ஒரு மாதத்துக்குள். ஆடைத் தொழிற்சாலை முதலாளி மேல் போட முடியாது. இரண்டையும் மாற்றக் கேளுங்கள்.

இட ஒதுக்கீட்டைச் சாதாரணச் சட்டத்துக்கு விடுவது

உள்ளூராட்சியில் 25 வீதம் 2016 திருத்தத்தால் வந்தது, 2018 தேர்தலில் நடைமுறையானது. அதற்கு முன் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் ஏறத்தாழ 2 வீதம். ஆனால் சாதாரணச் சட்டத்தில் இருப்பதைச் சாதாரணப் பெரும்பான்மையால் எடுத்துவிடலாம். பாராளுமன்றத்துக்கு இன்றும் ஒதுக்கீடு இல்லை. யாப்பிலேயே கேளுங்கள்.

"எங்கள் தலைவர்கள் பேசுவார்கள்" என்று இருப்பது

பேச மாட்டார்கள்.

அறிக்கை வந்ததும் கலைந்துபோவது

2016 மே மாதம் கருத்தறியும் குழுவின் அறிக்கை வந்தபோது நாங்கள் வென்றதாக நினைத்தோம். அதே ஆண்டு நவம்பரில் அடிப்படை உரிமைகள் உபகுழுவின் அறிக்கையும் வந்தது. சங்கக் கூட்டம் மாதம் ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று, அப்புறம் இல்லை. 2017 செப்டெம்பரில், யாப்பு வேலையை நடத்திய வழிப்படுத்தும் குழுவின் இடைக்கால அறிக்கை வெளிவந்தது. அதிகாரப் பகிர்வு, தேர்தல் முறை, ஜனாதிபதி முறை எல்லாம் அதில் இருந்தன. அடிப்படை உரிமைகள் அத்தியாயம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்க அன்றைக்கு எங்களில் பத்துப் பேர்கூடச் சேரவில்லை. 2018 ஒக்டோபர் அரசியல் நெருக்கடியோடு எல்லாம் நின்றுபோனது.

பட்டறைக்காக அந்த ஆறு பக்கத்தைத் தேடினேன். சங்கத்தில் பிரதி இல்லை. என்னிடமும் இல்லை. கையளித்ததற்கு ஒரு பற்றுச்சீட்டுக்கூட வாங்கியிருக்கவில்லை. இந்த முறை கையளிக்கும் இடத்திலேயே ஒரு பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்கிக் கோவையில் போடுங்கள். அடுத்த குழு வரும்போது அதை எடுத்துக்கொண்டு போகலாம்.