கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

வகுப்பில் ஒரு பையன் நோட்டைத் தூக்கி எறிந்தால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்காதீர்கள். அந்த நிமிடத்தில் அவனிடம் பதில் இருக்காது. "கோபமா, பயமா, வெட்கமா?" என்று பக்கத்தில் போய் மெல்லக் கேளுங்கள். பல நேரம் மேலே தெரிவது கோபம். அடியில் கிடப்பது கணக்கு வரவில்லையே என்ற வெட்கம்.

உணர்வுக்குப் பெயர் சொன்னாலே மூளையில் பயம் போன்ற உணர்வுகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு குறைவதை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் பெயர் சொல்லச் சொற்கள் வேண்டுமே! எரிச்சல், ஏக்கம், பொறாமை, பதற்றம் என வாரம் ஒரு சொல்லைப் பலகையில் எழுதி, அது உடம்பில் எங்கே தெரிகிறது என்று பேசவிடுங்கள். "எனக்குத் தொண்டை அடைக்கும் டீச்சர்" என்று ஒரு குழந்தை சொல்லும். தயங்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள், துண்டுச்சீட்டில் எழுதித் தரட்டும்.